நேற்றைவிடத் தெளிவாக

நவம்பர் 9, ஞாயிறு

மதியம் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் மீன்முள்ளை ஏற்றிவிட்டேன். பெயர் நான் வைத்ததில்லை. ஓட்டு வீடுகளின் மேல் டிவிக்காக நின்றுகொண்டிருந்ததே ஒரு ஆன்டெனா, குழாயில் குறுக்காக அலுமினியக் குச்சிகள் வைத்து, என் ரேடியோவுக்கான இதுவும் அதே சாதிதான். இரண்டு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிச் சமையலறைச் சுவரோரம் நிறுத்தி, மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுத்து முளையடித்திருக்கிறேன். முனை சீகைமேட்டைப் பார்த்து நிற்கிறது.

வீட்டுக்காரர் இவர், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக மேற்பார்வை பார்த்தார். டீ ஃபேக்டரியின் மேல்தளத்தில் வழுக்கி விழுந்து மூன்று வாரமாகிறது. நர்ஸான என்னைக் கட்டிக்கொண்டதில் இப்போதுதான் இவருக்கு லாபம். காலுக்கு வேலையில்லை என்பதால் வாய்க்கு இரட்டிப்பு வேலை.

"மலை நடுவுல உக்காந்திருக்குது. அத உட்டுப்போட்டு கம்பிய மாத்தி என்ன பிரயோசனம் அரசி?"

சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் இருப்பது குழியில். தெற்கே சீகைமேடு, அதற்கு அப்பால் சரிந்து சரிந்து போனால் மேட்டுப்பாளையம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கையில் பிடித்துப் பேசும் சின்ன ரேடியோவை, என் கைப்பெட்டியை, எடுத்துக்கொண்டு மேட்டின் உச்சிக்கு ஏறுவேன். அங்கே நின்றால் அதன் ஒரு சாண் ரப்பர் வால் ஆன்டெனாவை வைத்துக்கொண்டே சமவெளி முழுவதும் பேசலாம். கீழே வீட்டுக்கு வந்தால் எல்லாம் அவிந்துவிடும். எங்கள் அலைவரிசை மலையைத் துளைக்காது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் நின்று ஒருவர் பேசினால் சுவரின் விளிம்பில் வழிந்து கொஞ்சம் குரல் வருமில்லையா, அந்தக் கொஞ்சம்தான் நமக்கு. அதை வைத்துக்கொண்டுதான் மூன்று வருடமாக நானும் ஜலால் பாயும் தினமும் காலை எட்டு மணிக்குப் பேசுகிறோம்.

பாய் மேட்டுப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். என்னைப் போலவே லைசென்ஸ் வாங்கிய ரேடியோ பைத்தியம். பேச ஆரம்பித்ததும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம். தெளிவுக்கு ஐந்துக்குள், பலத்துக்கு ஒன்பதுக்குள். பழைய குச்சி ஆன்டெனாவில் எனக்கு எப்போதும் இரண்டுக்கு இரண்டுதான் கிடைக்கும். ஃபெயில்.

வெள்ளிக்கிழமையிலிருந்து கோத்தகிரி ரோடு இல்லை. ஒரு வளைவு அப்படியே போய்விட்டதாம். கரண்ட் இல்லை, ரேடியோ பேட்டரியில் ஓடுகிறது, செல்போன் டவர் செத்துவிட்டது. மேனேஜர் கோயம்புத்தூர் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். இனி வெளியுலகம் என்றால் பாய்தான். அதனால்தான் இந்த மழையிலும் மீன்முள்.

நவம்பர் 10, திங்கள்

மூன்றுக்கு நான்கு. பாஸ்.

"அம்மிணி, என்னத்த மாட்டுனீங்க? கெணத்துக்குள்ள இருந்து பேசுன ஆளு திட்டுல ஏறி உக்காந்த மாதிரி இருக்குது. ஓவர்" என்றார் பாய். ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு நாங்கள் நலம் என்று சொல்லச் சொன்னேன். அவள் அழுதாளாம். நானும் கொஞ்சம் அழுதேன், பட்டனை விட்ட பிறகு.

சமையலறைக் கதவு பிடிக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதும். தோளால் இடித்துத் திறந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நான்குக்கு ஐந்து. மீன்முள் மீனாகவே மாறி நீந்துகிறது போல.

காலையில் பார்த்தால் மூங்கிலின் ஒரு கயிறு தொய்ந்து கிடந்தது. எதிர்க் கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. நேற்றுதான் இழுத்துக் கட்டினேன். நைலான் நனைந்தால் நீளும் என்று தெரியும், எல்லாம் ஒரே மாதிரி நீளக் கூடாதா? முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தேன். மண் புட்டு மாவு போல இருக்கிறது.

ஊற்றுக் குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. டீ எஸ்டேட்டில் வேறெப்படி வரும் என்கிறார் இவர். வேட்டியில் வடிகட்டிக் காய்ச்சினேன்.

"நேத்துக் கம்பியும் இதேதான், பொட்டியும் இதேதான். தெனம் எப்புடி நல்லாயிக்கிட்டே போகும்?" என்று கேட்டார்.

"கைராசிங்க."

"கம்பி வளருதா, இல்ல மலை தேயுதா?"

மூன்று வருடம் கேலி பேசியவருக்கு வயிற்றெரிச்சல். அவருக்கு இரண்டு இட்லி குறைத்து வைத்தேன். கேட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

பயமாக இருக்கிறது. இன்னதற்கென்று சொல்லத் தெரியவில்லை. மழை சத்தம் நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது. ஐந்துக்கு ஆறு. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

நவம்பர் 13, வியாழன்

ராக்கம்மா வந்தாள். எங்களுக்குப் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாக் குடும்பத்துக்கும் அவள் சொல்தான் சட்டம். சேற்றுப்புண்ணுக்கு மருந்து கேட்டாள். போட்டுவிட்டேன். மருந்து கேட்க வந்தவள் மாட்டுப் புராணம் பாடினாள்.

"மாடு ராவெல்லாம் நிக்குது நர்சம்மா, படுக்க மாட்டேங்குது. பால் பாதியாப் போச்சு. கொட்டாய்க்குப் பின்னாடி தரை வேற வெடிச்சிருக்கு. மண்ண அள்ளிப் போட்டு மிதிச்சேன். காலையில பாத்தா மண்ண முழுங்கிட்டு மறுபடியும் வாயத் தொறந்து வச்சிருக்கு."

"மழைக்கு மண்ணு கரையும் ராக்கம்மா. பயப்படாத."

நான் இதைச் சொன்ன விதத்தில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். நோயாளிக்குச் சொல்லும்போது என் குரல் ஒரு பாறாங்கல். வீட்டுக்கு வந்தால் அது கூழாங்கல்லாகிவிடும்.

ஐந்துக்கு ஏழு. பாயின் பின்னால் கடைப் பையன்கள் சுத்தியல் தட்டுவதுகூடக் கேட்டது. "காரமடைக்காரர், அன்னூர்க்காரர் எல்லாரும் பழைய மாதிரிதானுங்க அம்மிணி. நீங்க மட்டும் தெனம் ஒரு படி ஏறிக்கிட்டே வர்றீங்க" என்றார். பெருமையாக இருந்தது. இவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இன்றைக்கும் கயிற்றை மாற்றிக் கட்டினேன். மூங்கில் மேட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

நவம்பர் 14, வெள்ளி, காலை

இரவுக் காற்றில் மீன்முள் முறிந்து கீழே கிடக்கிறது. எட்டு மணிக்குள் சரிசெய்ய முடியாது. பாய் பதில் இல்லாவிட்டால் பதறிப்போய் மகளுக்கு போன் செய்துவிடுவார். அதனால் ஓட்டின் மேலிருக்கும் பழைய குச்சியிலேயே ஒயரை மாட்டினேன். இரண்டுக்கு இரண்டு கிடைத்தாலும் போதும், உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்தால் சரி.

ஐந்துக்கு எட்டு.

குச்சியில். பழைய குச்சியில்.

முதலில் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம் பட்டனை விடுவதற்குள் போய்விட்டது.

"பாய், உங்க பக்கம் ஏதாச்சும் மாத்துனீங்களா? ஆன்டெனா, பவர், எதாவது? ஓவர்."

"ஒண்ணுமே தொடலீங்களே. அதே கம்பி, அதே கொடிக்கம்பம். நீங்க புது ஆன்டெனாவ இன்னும் ஒசத்தீட்டீங்களா?"

"அது ஒடஞ்சு கீழ கெடக்குதுங்க. இது பழைய குச்சி."

 பாயும் இந்தத் தொழில் தெரிந்தவர்தானே. வானிலை காரணமாகச் சில நாள் அலைகள் எக்குத்தப்பாகப் பயணம் செய்யும், ஆனால் அப்படியென்றால் காரமடைக்காரருக்கும் ஏறியிருக்க வேண்டும். எனக்கு மட்டும் ஏறுகிறது. என் பக்கமும் மாறவில்லை, அவர் பக்கமும் மாறவில்லை. நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மிணி," என்றார் கடைசியில், "வெளிய போயி மேட்டப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். மீன்முள்ளைத் திருப்பி வைக்கும்போது குறி வைப்பதற்கு உச்சியில் ஒரு வரிசைக் கற்பூர மரங்கள் உண்டு. ஐந்து நாளாக மூடுபனி, நான் தலை நிமிர்ந்து பார்க்கவேயில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி கொஞ்சம் விலகிய போது தேடினேன். வழக்கமான இடத்தில் மரங்கள் இல்லை, வெறும் வானம். எவ்வளவோ கீழே, மேட்டின் நெஞ்சில், அவை ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நின்றன. விழவில்லை. நின்றபடியே இறங்கி வந்திருக்கின்றன.

மலை இறங்கிக்கொண்டிருக்கிறது. சுவர் தாழத் தாழத்தான் எனக்குக் குரல் வழிந்துகொண்டிருந்தது. நான் மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதே நாள், மாலை, ஃபேக்டரியில்

எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு எழுதுகிறேன்.

உள்ளே போய் இவரிடம் சொன்னேன். ஃபேக்டரி ஓடைக்கு அந்தப்பக்கம் பாறையின் மேல் கட்டியது. அங்கே போய்விட்டால் பிழைத்தோம். சாவி, இலையைத் தூளாக்கும் வேலை முழுவதையும் பார்க்கிற டீமேக்கரான இவரிடம் இருக்கிறது. மேனேஜரின் உத்தரவு இல்லாமல் ஃபேக்டரியை யாருக்கும் திறந்துவிடுகிற ஆளில்லை இவர். இருபது வருடத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

"ரேடியோ நல்லாக் கேக்குதுன்னு யாராச்சும் ஊட்டக் காலி பண்ணுவாங்களா அரசி? கேக்கறவன் சிரிக்க மாட்டான்?"

"மரம் எறங்கியிருக்குதுங்க. நானே பாத்தேன்."

"பனியில உனக்கு என்ன தெரிஞ்சுது? இருவது வருசமா அங்கதான் நிக்குது அந்த மேடு."

கோபம் வந்தது. பயம் அதைவிட அதிகமாக வந்தது. கோபப்பட நேரமில்லை என்பதால் கைப்பெட்டியை எடுத்தேன். ஒரு சாண் ரப்பர் வால் மட்டும் உள்ள பெட்டி. அதை வைத்துக்கொண்டு மேட்டின் உச்சியில்தான் பேசமுடியும், வீட்டுக்குள் அது வெறும் செங்கல் என்பது இவருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி மூன்று வருடம் சிரித்தவர் இவர்தான். பெட்டியை இவர் மடியில் வைத்துப் பட்டனை அழுத்தினேன்.

"பாய், இருக்கீங்களா? கைப்பெட்டியில பேசறேன். சமையல்கட்டுல இருந்து."

"கேக்குதுங்க அம்மிணி" என்றது பெட்டி. குரலின் பின்னால் சுத்தியல் சத்தம், கடை வாசலில் பஸ் ஹாரன், யாரோ டீ கொண்டு வந்து வைக்கும் ஓசை. "நல்லாவே கேக்குது, பலம் எட்டு. அல்லா, எப்புடி இவ்வளவு நல்லாக் கேக்குது?"

இவர் பெட்டியைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.  இவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். கால் முறிந்த அன்றுகூட அப்படி வெளுக்கவில்லை.

"சாவி ஆணியில இருக்குது" என்றார். "மொதல்ல ராக்கம்மாகிட்டப் போ."

பாயிடம் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டார். ரோட்டை வெட்டி வர இரண்டு மூன்று நாளாகுமாம்.

ராக்கம்மாவிடம் ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரம் இறங்கியதைக் காட்டினேன். தன் கொட்டகைக்குப் பின்னால் உள்ள வெடிப்பை அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு லைன் முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள், அவ்வளவுதான்.

மீன்முள் நின்ற இரண்டு மூங்கில்களையும் பிரித்து, டீத்தூள் சாக்குகளைக் கோத்துத் தூளி செய்து, இவரை அதில் படுக்க வைத்துத் தூக்கினோம். ஓடைப் பாலத்தில் தண்ணீர் பலகையை நக்கிக்கொண்டு ஓடியது. நடுப்பாலத்தில் இவர், "கம்பிக்குன்னு வெட்டுன மூங்கில் ஒருவழியா உருப்படியான வேலைக்கு வந்துச்சு" என்றார். தூக்கியவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தூளியின் ஓரத்தை இவர் கை இறுகப் பிடித்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மாடு பாலத்தில் ஏறவில்லை. முன்னால் இழுத்தும் பின்னால் தள்ளியும் பார்த்தாயிற்று. அந்தக் கரையிலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

நவம்பர் 15, சனி

ஒன்றும் நடக்கவில்லை.

இலை வாட்டும் தொட்டிகளில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஃபேக்டரி புது இடம், குதியாட்டம். வீட்டிலிருந்த பெரிய ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட்டேன். ஐந்துக்கு ஒன்பது, முழு மார்க். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த இடம் உயரம், மேட்டின் தோளைத் தாண்டிப் பக்கவாட்டில் சமவெளி தெரிகிறது. இங்கிருந்து எப்போதும் இப்படித்தான் கேட்கும். மலை இறங்குகிறதா நின்றுவிட்டதா என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குழிதான். குழியை விட்டு வந்ததும் நான் குருடாகிவிட்டேன்.

பனி கவிந்து கிடக்கிறது. மேடு கண்ணில் படவே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை நின்றுவிட்டது. வெயில்கூட ஒரு கீற்று வந்தது. அதுதான் வம்பு.

எல்லாரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். அரிசி அங்கே, அடுப்பு அங்கே, துணிமணி அங்கே. நர்சம்மா கனவு கண்டாங்க என்று ஒருவன் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. ராக்கம்மா விடியும்போதே மாட்டுக்குத் தழை வெட்டிப் போடப் போய்விட்டாள். மத்தியானப் பாலைக் கறந்துவிட்டுத்தான் வருவாளாம். இவர் கட்டுப் போட்ட காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எவனாச்சும் போறதுன்னா என் காலத் தாண்டிப் போங்கடா" என்கிறார். இரண்டு நாளுக்கு முன்னால் கேலி பேசிய மனிதர்.

நான் சொன்னது தப்பாக இருக்குமோ? மலை கொஞ்சம் இறங்கி அமர்ந்துவிட்டிருக்கலாம். அப்படியும் நடக்கும். இவ்வளவு பேரைத் தகரத்தில் படுக்க வைத்திருக்கிறேன். இல்லை, சரியாக இருக்குமோ? அப்போது ராக்கம்மா?

தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே சமையலறையில், அதே இடத்தில், அதே கைப்பெட்டியோடு நின்று கேட்பது. வெள்ளிக்கிழமை கேட்டது போலவே இருந்தால் மலை நின்றுவிட்டது. கூடியிருந்தால் நிற்கவில்லை.

இவரிடம் சொன்னேன். போகக்கூடாது என்றார். ராக்கம்மாவைக் கூப்பிட்டு வர யாராவது போய்த்தானே ஆகவேண்டும் என்றேன். இவர் தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய பொட்டிய என் பக்கத்துல வச்சுட்டுப் போ" என்றார்.

 போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வீடு இல்லை. லைன் இல்லை. ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம்.

முன்வாசல் வழியாகத்தான் நுழைய முடிந்தது. சமையலறைச் சுவரின் பிளவில் என் கை முழுவதும் போயிற்று. எங்கும் ஒரு சத்தமும் இல்லை, பறவைகூட இல்லை. மேசை அருகே நின்று பட்டனை அழுத்தினேன்.

பாயின் பெட்டி பழையது. அதில் பலத்தைக் காட்டுவது ஒரு முள். அந்த முள்ளைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"வெள்ளிக்கிழமை எட்டுங்க. இன்னிக்கும் எட்டுதான் அம்மிணி. அப்பாடா. எட்டுதான், நின்னுபோச்சு போல. இருங்க. பேசீட்டே இருங்க. ஓவர்."

"என்னத்தப் பேசறதுங்க பாய்? ராக்கம்மா மாடு கறக்கப் போயிருக்கா. அவளக் கூட்டீட்டு..."

"அம்மிணி, நீங்க நடக்கறீங்களா?"

"இல்லீங்க. ஒரே இடத்துலதான் நிக்கறேன்."

"ஒம்போது ஆயிருச்சு. பேசப் பேச முள்ளு ஏறுது. அசையாமத்தான நிக்கறீங்க? முள்ளு கடைசிக்குப் போயி முட்டிக்கிட்டு நிக்குது. ஓடுங்க அம்மிணி. பேசாதீங்க, ஓடுங்க."

அப்போதும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாயின் முள்ளுக்குத் தெரிந்தது என் காதுக்குத் தெரியவில்லை. ஓடினேன். ராக்கம்மா கொட்டகையில் குந்தியிருந்தாள்.

"பால் பாதியில இருக்கு நர்சம்மா, இந்தா..."

செம்பைக் காலால் உதைத்தேன். கயிற்றை அவிழ்த்து மாட்டின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். ராக்கம்மா என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள், நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்ததால். பாலத்தில் கால் வைக்கும்போது பின்னால் கற்பூர மரங்கள் படபடவென்று முறியும் சத்தம். அதற்குப் பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்வதா தெரியவில்லை. நெஞ்சுக்குள் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை திரும்பிப் பார்க்க மனமில்லை.

பாய் நேற்று சொன்னார். நான் பட்டனை விட்ட பிறகு, என் சத்தம் நின்றதும், அவர் அம்மிணி, அம்மிணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பதில் வந்ததாம், ஆனால் ஆண் குரல். லைசென்ஸ் இல்லாத ஆள் ரேடியோவில் பேசுவது சட்டப்படி குற்றம். மூன்று வருடத்தில் பெட்டியை ஒரு விரலால்கூடத் தொடாத மனிதர் பட்டனை அழுத்திப் பேசியிருக்கிறார்.

"பாய், அவ சத்தம் உங்களுக்குக் கேக்குதுங்களா? எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேக்குதுங்களா?"

இதையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஓவர் சொல்லக்கூடத் தெரியவில்லை. நான் ஃபேக்டரி வாசலில் சேறும் சாணியுமாக வந்து நின்றபோது இவர் இன்னும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மாடு கீழே தேயிலைக்குள் நின்றது. பால் வற்றிவிட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று ராக்கம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 6, சனி

எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். லைன் ஆட்களுக்கும் இங்கேயே தகரக் கொட்டகை. தெற்கே ஒரு பாறைக் குன்று மறைக்கிறது. மண் இல்லை, மரம் இல்லை, ஒரே கல். முதல் நாளே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

குச்சி ஆன்டெனா போதும் என்று விட்டுவிட்டேன். மீன்முள் செய்யச் சொல்லிப் பாய் கேட்டார். மூங்கில் கிடைக்கவில்லை என்றேன். கிடைக்கிறது.

காலை எட்டு மணிக்குப் பேசுகிறோம். இரண்டுக்கு மூன்று. பாய் சொல்வதில் பாதி இரைச்சலில் போய்விடுகிறது. பேசி முடித்துப் பெட்டியை அணைத்ததும் இவர் உள்ளறையிலிருந்து கேட்பார். தினமும் கேட்கிறார். கட்டுப் பிரித்துவிட்டார்கள், எழுந்து நடக்கிறார், ஆனால் அந்த நேரத்தில் மட்டும் எழுந்திருக்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னிக்கு எப்புடி அரசி பாய் சத்தம்?"

"நேத்து மாதிரியேதானுங்க."

"நேத்தவிட ஒரு புள்ளிகூட நல்லா இல்லையே?"

"இல்லீங்க. அதே எரைச்சல்தான்."

அதைக் கேட்ட பிறகுதான் கால்களைத் தரையில் வைக்கிறார்.